வெயிலூரில் 15 வாட்: பழைய லேப்டாப்பில் லினக்ஸ் கேமிங்

போன கத்திரியில் ஒரு நாள் வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து அக்கா மகன் போன் செய்தான்.

"மாமா, காலையில ஆறு மணிக்கு உட்கார்ந்தா கேம் சும்மா வழுக்கிக்கிட்டு ஓடுது. மதியம் ரெண்டு மணிக்கு அதே கேம், அதே இடம், பத்து நிமிஷத்துல திக்கித் திக்கி நிக்குது. லினக்ஸ் போட்டதாலதானே? திரும்ப விண்டோஸே போட்டுடட்டுமா?"

"எங்கடா உட்கார்ந்து ஆடுற?"

"மாடி ரூம்ல, கட்டில்ல வெச்சு."

பதில் அதிலேயே வந்துவிட்டது. வேலூரை வெயிலூர் என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. ஊரைச் சுற்றி நிற்கும் மொட்டைப் பாறைகள் பகலில் குடித்த சூட்டை இரவில்தான் திருப்பித் தருகின்றன. அந்த ஊரில், தளத்துக்குக் கீழே உள்ள மாடி அறையில், மெத்தைமேல் வைத்த லேப்டாப்புக்கு மூச்சுவிடும் துளை அடிப்பக்கத்தில் இருக்கிறது. லினக்ஸின் மேல் பழிபோடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இப்படிப்பட்ட கேள்விகள் இப்போது அடிக்கடி வருவதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை பிராசஸரும். 6ஆம், 7ஆம் தலைமுறை லேப்டாப்கள் நல்ல நிலையில் இருந்தும் கதவுக்கு வெளியே நிற்கின்றன. அதனால் அவற்றில் லினக்ஸ் என்ற இலவச ஓ.எஸ்.ஸை ஏற்றுகிறார்கள். கம்பெனிகள் கழித்துவிட்ட அந்த லேப்டாப்களை ரீஃபர்பிஷ்டு என்று சொல்லிச் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வாங்கி, காட்பாடியில் ரயில் இறங்கி வீட்டுக்குக் கொண்டு வருகிற பிள்ளைகள் அதிகம். அக்கா மகனுடையதும் அப்படி வந்ததுதான்: ஐ5-6200யு பிராசஸர், ஒரே துண்டாக 4 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, 1366க்கு 768 திரை.

அந்த பிராசஸரின் பெயரில் உள்ள 'யு' என்ற எழுத்தைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. அது 15 வாட் சிப். நம் தலைக்கு மேலே சுற்றும் சாதாரண ஃபேன் 75 வாட் எடுக்கும். இதற்கு அதில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்த 15 வாட்டையும் கணக்குப் போடும் சிபியுவும், அதே சிப்பில் உள்ள, படம் வரையும் கிராபிக்ஸும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். ஒருவன் அதிகம் எடுத்தால் இன்னொருவனுக்குக் குறையும்.

இப்போது வெயிலைச் சேர்த்துப் பாருங்கள். சிப் தாங்கும் உச்சம் ஏறத்தாழ 100 டிகிரி. சிப்புக்கும் அறைக் காற்றுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் சூடு வெளியேறும். அறை 25 டிகிரியில் இருந்தால் வித்தியாசம் 75. அதே அறை 40 ஆனால் வித்தியாசம் 60. அதே ஃபேன், அதே வேகம், ஆனால் வெளியேற்றக்கூடிய சூட்டில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. குளிர்ச்சி அமைப்பு 15 வாட்டுக்குச் சரியாக அளந்து செய்யப்பட்டதாக இருந்தால், மதியம் அது 12 வாட் மெஷின். துளையில் தூசி அடைத்து, சிப்புக்கும் உலோகத்துக்கும் நடுவே உள்ள பேஸ்ட் பத்து வருஷத்தில் காய்ந்து போயிருந்தால் இன்னும் கீழே. 100ஐ நெருங்கியதும் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். கேம் திக்குவது அந்த நொடியில்தான்.

இதை ஊகித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை, கண்ணால் பார்க்கலாம். மேங்கோஹட் என்று ஒரு இலவசக் கருவி. ஆடும்போதே திரையின் மூலையில் சிபியு எத்தனை டிகிரி, எவ்வளவு கிகாஹெர்ட்ஸ், ராம் எவ்வளவு, நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை படம், என்று எழுதிக் காட்டும். கேம்களை வாங்கி இறக்கும் ஸ்டீம் என்ற செயலியில், அந்த கேமின் பிராப்பர்ட்டீஸுக்குள் லாஞ்ச் ஆப்ஷன்ஸ் என்ற கட்டம் உண்டு. அங்கே mangohud %command% என்று எழுதினால் போதும். அன்று மதியம் அவனைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 97 டிகிரி. 2.7 கிகாஹெர்ட்ஸில் ஓடிய சிபியு 1.1க்கு இறங்கி நின்றது. மறுநாள் காலை அதே இடத்தில் 82 டிகிரி, வேகம் குறையவே இல்லை.

சர்வீஸ் கடையில் கொடுத்துத் திறந்து, தூசி எடுத்து, பேஸ்ட் மாற்றினோம். வீட்டிலேயே செய்பவர்கள் காற்றடிக்கும்போது உள்ளே இருக்கும் சின்ன ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்றினால் அதன் பேரிங் கெட்டுவிடும். மெத்தையை விட்டு மேஜைக்கு வந்தது, பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடியை வைத்துத் தூக்கியது, இவை காசில்லாமல் நடந்தன. இதற்காகக் கூலிங் பேட் வாங்க வேண்டியதில்லை என்பது என் அனுபவம். அடைத்த துளைக்கு வெளியே ஊதி என்ன பயன்?

அடுத்த வேலை இன்னும் பலன் தந்தது. கேமை நொடிக்கு 30 ஃப்ரேமில் கட்டிப்போட்டோம். பல பிள்ளைகளுக்கு இது அவமானமாகப் படுகிறது. 60 இல்லாவிட்டால் கேமே இல்லை என்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். கண்ணை உறுத்துவது எண்ணிக்கைக் குறைவைவிட ஏற்ற இறக்கம். 55, 48, 22, 51 என்று தாவும் கேமைவிட அசையாத 30 ஆடுவதற்குச் சுகமானது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக இரண்டு முறை காட்டப்படும், இடைவெளி எப்போதும் 33 மில்லிசெகண்ட். மெஷினும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மூச்சு வாங்கிக்கொள்கிறது, சூடு ஏறுவதில்லை. மேங்கோஹட்டிலேயே இந்த வரம்பை வைக்கலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. லினக்ஸ் கேமிங் என்றாலே கேம்மோட் போடு என்பார்கள். ஃபெரல் இன்டராக்டிவ் என்ற நிறுவனம் 2018ல் வெளியிட்ட நல்ல கருவி அது. ஆடும் நேரத்தில் சிபியுவை முழு வேகத்துக்குத் தள்ளும். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள மெஷினுக்குச் சரி. ஆனால் 15 வாட்டைப் பங்குபோடும் வீட்டில் சிபியு வேகமாக ஓடினால் கிராபிக்ஸ் பட்டினி கிடக்கும். கேம்மோட் செய்தவர்களே இதை உணர்ந்து, உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள இன்டெல் சிப் என்றால் சிபியுவை அடக்கி வைக்கும் வழியைப் பிறகு சேர்த்தார்கள். சிபியு தன் வேகத்தைத் தானே ஏற்றிக்கொள்ளும் டர்போவை அணைத்துவிட்டால் ஃப்ரேம் கூடுகிற கேம்கள் உண்டு. அக்கா மகனின் கார் ரேஸ் கேமில் அப்படித்தான் ஆனது. வேகத்தைக் குறைத்தால் வேகம் வருகிறது என்று அவன் நம்பவில்லை. மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டான்.

சூடு சரியான பிறகும் கேம் ஓடாமல் போகக்கூடிய இடம் ஒன்று உண்டு. பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் வாங்குவதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்ள வேண்டிய இடமும் அதுதான்.

விண்டோஸ் கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது? வைன் என்ற திட்டம் 1993லிருந்து இருக்கிறது. விண்டோஸ் நிரல் 'இந்தக் கோப்பைத் திற, இந்த ஜன்னலை வரை' என்று கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்கிற துபாஷி அது. ஆனால் கேம்கள் பேசும் மொழி இன்னொன்று, டைரக்ட்3டி. கிராபிக்ஸுக்கு வேலை சொல்வதற்கு மைக்ரோசாஃப்ட் வகுத்த மொழி. நெடுங்காலம் வைன் அதை ஓப்பன்ஜிஎல்லாக மாற்றிக் கொடுத்தது, மெதுவாக. 2016ல் வல்கன் என்ற புதிய கிராபிக்ஸ் மொழி வந்தது. ஃபிலிப் ரெபோலே என்பவர் டைரக்ட்3டியை வல்கனாக மாற்றும் டிஎக்ஸ்விகேயை எழுத, அதையும் வைனையும் சேர்த்து, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் ஸ்டீமுக்குள் புரோட்டானாகக் கொடுத்தது. 2022ல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க மெஷின் முழுக்க நிற்பது இந்தப் புரோட்டானின் மேல்தான். அதற்காக வால்வ் செய்த வேலையின் பலன் காட்பாடியில் ஒரு பழைய லேப்டாப்புக்கும் வந்து சேர்கிறது. திறந்த மூல நிரலின் அருமை அது, எனக்கு இதில் உண்மையான நன்றி உண்டு.

ஆக, வல்கன் நன்றாகத் தெரிந்த கிராபிக்ஸ் வேண்டும். 2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0 முதல் வல்கன் 1.3 கட்டாயம், புரோட்டான் 8க்கும் அப்படியே. இன்டெல்லில் 6ஆம் தலைமுறையிலிருந்து இந்தத் தொல்லை இல்லை. 3, 4ஆம் தலைமுறையில் வல்கன் ஆதரவு அரைகுறை. கடையில் 4ஆம் தலைமுறை ஐ7ஐயும் 6ஆம் தலைமுறை ஐ3யையும் ஒரே விலைக்கு வைத்தால் பலர் ஐ7 என்று ஓடுவார்கள். லினக்ஸில் கேம் ஆடுவதற்கென்றால் நான் அந்த ஐ3யைத்தான் எடுப்பேன்.

டெஸ்க்டாப்காரர்களுக்கும் இதே கணக்கு. ஜிடி 710, ஜிடி 730 என்று கடைகளில் இன்னும் கிடைக்கும் என்விடியா கார்டுகள் கெப்ளர் என்ற பழைய தலைமுறை. அவற்றை இயக்கும் மென்பொருளான டிரைவர் 470ஆம் வரிசையோடு நின்றுவிட்டது, வல்கன் 1.3 வராது. 730 என்ற பெயரில் அதற்கும் முந்தைய தலைமுறைச் சிப்பும் விற்றிருக்கிறார்கள். பழைய ஏஎம்டி ஆர்எக்ஸ் 550 அல்லது 570 கையில் சிக்கினால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அவற்றின் டிரைவர் மெசா என்ற பெயரில் லினக்ஸோடேயே வருகிறது, இன்றும் மேம்பட்டுக்கொண்டிருக்கிறது.

ஏற்கெனவே 4ஆம் தலைமுறை லேப்டாப் கையில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். ஸ்டீமில் ஒவ்வொரு கேமுக்கும் எந்தப் புரோட்டான் பதிப்பு என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடியும். அங்கே 7ஆம் பதிப்பை வைத்தால் பல கேம்கள் கிளம்பும். அதுவும் மறுத்தால், வல்கனை விட்டுவிட்டுப் பழைய ஓப்பன்ஜிஎல் வழியில் ஓட்டும்படி புரோட்டானுக்கே சொல்ல, அதே லாஞ்ச் ஆப்ஷன்ஸ் கட்டத்தில் எழுதும் ஒரு கட்டளை உண்டு. 2000களில் நெட் சென்டர்களில் மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடிய கேம்களுக்கு இந்த வழியே தாராளம். அவற்றில் கவுண்டர்-ஸ்ட்ரைக் (சிஎஸ்) 1.6க்கு 2013லேயே நேரடி லினக்ஸ் பதிப்பு வந்துவிட்டது, துபாஷியே வேண்டாம்.

ராம் விஷயத்துக்கு வருகிறேன். தனி கிராபிக்ஸ் இல்லாத மெஷினில் ராம்தான் கிராபிக்ஸின் நினைவகமும். அதனால் ராமின் அளவைப் போலவே அதன் அகலமும் முக்கியம். ஒரே துண்டாக ராம் இருந்தால் ஒரே பாதை. டிடிஆர்4 2133 என்றால் நொடிக்கு ஏறத்தாழ 17 ஜிபி போய்வரும். இரண்டு துண்டு போட்டால் இரண்டு பாதை, 34 ஜிபி. நான் பார்த்தவரை 6ஆம் தலைமுறை லேப்டாப்பில் கேமுக்காகச் செய்யக்கூடிய செலவுகளில் இதற்கு ஈடு இல்லை. அக்கா மகனுக்கு இன்னொரு 4 ஜிபி துண்டு போட்டதும் அதே கார் ரேஸ் கேமின் ஃப்ரேம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஏறியது. வாங்கப் போகும்போது பழைய துண்டைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். டிடிஆர்3எல்லா டிடிஆர்4ஆ என்று கடைக்காரரிடம் வாயால் சொல்லி மாற்றி வாங்கி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

ராம் வாங்க வழியில்லாதவர்களுக்கு இசட்ராம். ராமின் ஒரு பகுதியில், இப்போதைக்குத் தேவைப்படாத தகவல்களைச் சுருக்கிப் போட்டு வைக்கும் ஏற்பாடு. பாயைச் சுருட்டி மூலையில் வைப்பது போல. பெரும்பாலும் இரண்டு மூன்று மடங்கு சுருங்கும். இது இல்லாதபோது ராம் நிறைந்தால் லினக்ஸ் ஹார்ட் டிஸ்க்கில் எழுதத் தொடங்கும், மெளஸ்கூட நகராமல் நின்றுபோகும். லினக்ஸில் பல வகை உண்டு. ஃபெடோரா என்ற வகையில் 33ஆம் பதிப்பிலிருந்து இசட்ராம் தானாகவே இருக்கிறது. மின்ட், உபுண்டு என்ற வகைகளில் ஒரு சின்னப் பொதியை நிறுவிக்கொள்ள வேண்டும். கூடவே ஆடும்போது பிரவுசரை மூடுங்கள். 4 ஜிபி மெஷினில் பத்து டேபைத் திறந்து வைத்துக்கொண்டு கேம் ஹேங் ஆகிறது என்று சொல்வது நியாயமில்லை.

திரை அளவைக் குறைப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. 1920க்கு 1080ஐ 960க்கு 540 ஆக்கினால் வரைய வேண்டிய புள்ளிகள் சரியாகக் கால் பங்கு. மங்கலாகத் தெரியும் என்ற பயத்துக்கு, வால்வின் கேம்ஸ்கோப் என்ற கருவி சின்னதாக வரைந்ததை எஃப்எஸ்ஆர் முறையில் கூர்மையாக்கிப் பெரிதாக்கித் தருகிறது. அளவைக் குறைத்தும் ஃப்ரேம் ஏறவில்லையா? அப்படியானால் தடை கிராபிக்ஸில் இல்லை, சிபியுவில் இருக்கிறது. கேமின் அமைப்பில் கூட்டத்தையும் நிழலையும் குறைத்துப் பாருங்கள். எங்கே அடைப்பு என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது.

இரண்டு ஓ.எஸ். வைத்திருப்பவர்கள் ஒன்று செய்கிறார்கள்: விண்டோஸ் பக்கத்து என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் ஏற்கெனவே இறக்கிய கேமையே லினக்ஸ் ஸ்டீமுக்கும் காட்டுகிறார்கள். டேட்டா மிச்சமாகும் என்ற எண்ணம் புரிகிறது, ஆனால் புரோட்டான் உண்டாக்கும் சில இணைப்புகளையும் பெயர்களையும் என்டிஎஃப்எஸ் சரியாகத் தாங்காது. ஒரு நாள் ஓடும், மறுநாள் ஓடாது. லினக்ஸின் சொந்த வடிவமான எக்ஸ்ட்4 பார்ட்டிஷனில் வையுங்கள். டேட்டாவை மிச்சப்படுத்த நல்ல வழி வேறு இருக்கிறது. 2023லிருந்து ஸ்டீமில், ஒரே வைஃபையில் உள்ள இன்னொரு கம்ப்யூட்டரில் அந்த கேம் இருந்தால் அங்கிருந்தே இழுத்துக்கொள்ள முடியும். போனின் ஹாட்ஸ்பாட்டில் நாளுக்கு ஒன்றரை ஜிபி வைத்திருக்கும் பையன், நல்ல இணைப்பு உள்ள நண்பன் வீட்டில் ஒரு மாலை உட்கார்ந்தால் 30 ஜிபி கேமோடு திரும்பலாம். அமைப்பில் நண்பர்களுக்கு அனுமதி என்று வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பென் டிரைவில் கைமாறும் கிராக் கேம்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும். லினக்ஸில் வைரஸ் வராது, அதனால் வைனில் எதையும் ஓட்டலாம் என்று நினைக்கிறார்கள். வைன் வேலி இல்லாத வீடு. அதற்குள் இசட் டிரைவ் என்று தெரிவது உங்கள் லினக்ஸ் கோப்பகம் முழுவதும்தான். அந்த கிராக்குக்குள் கெட்டது ஒன்று இருந்தால் உங்கள் படங்களையும் பிராஜெக்ட்டையும் அது தொட முடியும்.

என்ன செய்தாலும் ஓடாதவையும் உண்டு. வாலரன்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் லினக்ஸில் ஓடாது. திருட்டாட்டத்தைத் தடுக்கும் நிரலை அவற்றை நடத்துபவர்கள் விண்டோஸுக்கென்றே வைத்திருக்கிறார்கள். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் சில வருஷம் ஓடியது, 2024 கடைசியில் லினக்ஸை விலக்கிவிட்டார்கள். நண்பர்களோடு இவற்றை ஆடுவதுதான் ஒரே ஆசை என்றால் லினக்ஸுக்கு மாறாதீர்கள். மாற்றிக் கொடுத்துவிட்டுப் பிள்ளையின் முகம் வாடுவதைப் பார்ப்பது கஷ்டம். புரோட்டான்டிபி என்ற தளத்தில் கேமின் பெயரைப் போட்டால், யார் யார் எந்த மெஷினில் எப்படி ஓட்டினார்கள் என்று அவரவர் எழுதிய குறிப்பு கிடைக்கும். அங்கே கேமுக்குத் தரும் தங்கம், வெள்ளி போன்ற பதக்கத்தைப் பார்த்து நிற்காமல், உங்கள் கிராபிக்ஸை ஒத்த மெஷின்காரர் எழுதியதைத் தேடிப் படியுங்கள்.

எந்த லினக்ஸ் என்ற கேள்விக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். 4 ஜிபி என்றால் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 8 ஜிபியும் 6ஆம் தலைமுறையும் என்றால் ஃபெடோராவும் நன்றாக இருக்கும், மெசா அங்கே சீக்கிரம் புதுப்பிக்கப்படும்.

கடைசியாக, இன்னும் பல வீட்டுப் பரண்களில் தூங்கும் அரசு மடிக்கணினி. 2011ல் தொடங்கிய திட்டத்தில் வந்தவை. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தில், சென்னையில் உருவான பாஸ் லினக்ஸ் அவற்றில் பலவற்றில் இருந்தது. நம் பிள்ளைகளில் பலர் லினக்ஸை முதன்முதலில் பார்த்ததே அதில்தான், பார்த்த வேகத்தில் அழித்ததும் உண்டு. அக்கா வீட்டிலும் ஒன்று இருந்தது, அக்காவின் மூத்த மகளுக்குப் பள்ளியில் கொடுத்தது. பேட்டரி செத்துவிட்டது, ஹார்ட் டிஸ்க் கரகரத்தது. சின்ன எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு மின்ட் ஏற்றினோம். புரோட்டான் பக்கமே போகவில்லை. சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற இலவச கார் ரேஸ் கேமை இரண்டு மெஷினிலும் நிறுவினோம். ஒரே வைஃபையில் இருந்தால் இன்டர்நெட் இல்லாமலே சேர்ந்து ஆடலாம். கீழ் ஹாலில், மேஜைமேல், சாயங்காலம் ஆறு மணிக்குமேல் என்று அக்கா நேரம் வைத்திருக்கிறாள். அக்காளும் தம்பியும் ஆடுகிறார்கள். இப்போது போன் வருவது யார் ஜெயித்தார்கள் என்று சொல்வதற்கு.